நம் இறால் அங்கே என்னவாகிறது?

வங்கியின் ஏற்றுமதிக் கடன் பிரிவில் பணிபுரிவோருக்கு இறால் என்பது பெரும்பாலும் காகிதம்தான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், சுகாதாரச் சான்றிதழ் என ஒரு கட்டு வரும். அதில் பெயர், எடை, விலை, சேருமிடம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்போம், பொருந்தினால் கையொப்பமிடுவோம். மேற்கு கோதாவரி மாவட்டத்துக் கிளை ஒன்றில் நான்கு ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவருகிறேன். '26/30, தலை நீக்கியது, ஓட்டுடன்' என்ற வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல இயலாது. அந்த வரி எந்த அடுப்பில் போய் முடிகிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தவர் ஒரு வாடிக்கையாளர். நான்கு ஏக்கரில் இரண்டு குளங்கள் வைத்திருக்கும் இறால் விவசாயி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது இரண்டு தவணைகளாக 50 சதவீதம் கூடுதல் வரி விதித்தபோது அவருடைய குளத்தில் இறால் அறுவடைக்குத் தயாராக நின்றது. கொள்முதல் செய்பவர்கள் விலையைக் குறைத்தார்கள். பிறகு தொலைபேசியை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள். இறால் நெல்லைப் போன்றதன்று. களத்தில் கொட்டிவைத்துக் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் தீவனம் தின்னும், காற்றூட்டிக்கு மின்சாரம் ஓடும், நோய் வந்துவிட்டால் ஓரிரவில் கணக்கு முடிந்துவிடும். கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு என் மேசையெதிரில் அமர்ந்திருந்தவர், பேச்சுக்கு நடுவே தெலுங்கில் கேட்டார்: "மேடம், ஒன்று சொல்லுங்கள். நம் இறாலை அங்கே என்ன செய்து சாப்பிடுகிறார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. 2023–24 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.16 லட்சம் டன், மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய், அதில் மூன்று லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவானது அமெரிக்காவுக்கு மட்டும் சென்றது. இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் கேட்டதோ அதுவன்று. "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். வங்கி அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம்தான். இம்முறை உண்மையிலேயே விசாரித்தேன்.

அமெரிக்கர்கள் இறாலைப் பல விதமாக உண்கிறார்கள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள், வேகவைத்துக் குளிரவைத்துத் தக்காளிச் சாற்றில் தோய்க்கிறார்கள், பாஸ்தாவில் கலக்கிறார்கள். எனினும் அந்நாட்டின் தென்கிழக்குக் கரைக்கே உரியது என்று சொல்லத்தக்க இறால் உணவு ஒன்று உண்டு. அதன் பெயர் இறால் கிரிட்ஸ். கிரிட்ஸ் என்பது கரகரப்பாக உடைத்த மக்காச்சோளத்தை நீரிலும் பாலிலும் நெடுநேரம் வேகவைத்த கூழ். அதன் மேல் இறாலும் குழம்பும். விசாரித்ததில் வாயூறியதால் வீட்டிலும் செய்து பார்த்தேன். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. செய்முறையைச் சொல்வதற்கு முன் அது பிறந்த இடத்தைச் சற்றுச் சொல்லிவிட வேண்டும். அது தெரிந்தால்தான் எதைக் கூட்டுவது, எதைக் கூட்டாமல் விடுவது என்பது விளங்கும்.

வீச்சுவலையும் உடைத்த சோளமும்

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரைச் சுற்றி உப்பங்கழிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த தாழ்நிலக் கரையே இவ்வுணவின் தாயகம். மக்காச்சோளம் அம்மண்ணின் பூர்வகுடிகள் தந்தது. உலர்ந்த மணிகளைச் சாம்பற்காரம் கலந்த நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கி, இடித்துச் சமைக்கும் முறையை வெள்ளையர்கள் அவர்களிடமிருந்தே கற்றார்கள். கிரிட்ஸ் என்ற சொல் மட்டும் பழைய ஆங்கிலத்தைச் சேர்ந்தது. கரகரப்பாக உடைத்த தானியம் என்று பொருள். நம் 'குருணை' என்ற சொல்லுக்கு மிகவும் நெருக்கம்.

இறாலைச் சேர்த்தவர்கள் யார் என்று திட்டவட்டமாகப் பட்டயம் எழுதிவைத்தவர் எவருமில்லை. ஆனால் அக்கரையின் நெல் வயல்களில் அடிமைகளாக உழைத்த மேற்கு ஆப்பிரிக்க மக்களும், குல்லா என்று அறியப்படும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் கழிகளில் வீச்சுவலை வீசிப் பிடித்த சின்ன இறால், அவர்களுக்குப் படியாக அளக்கப்பட்ட மக்காச்சோளத்துடன் ஒரே சட்டியில் சேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. சோளத்தை மட்டுமே உண்டு வாழ்வது ஆபத்தானதும்கூட. சாம்பற்கார முறையைக் கைவிட்டு வெறும் சோளமாவை நம்பியிருந்த தென்மாநில ஏழைகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லாக்ரா என்னும் நோய் வாட்டியது. அது தொற்றுநோயன்று, உணவுக்குறையால் வருவது என்பதை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914இல் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. கூழின் மேல் கிடந்த நான்கு இறால் நாவுக்கு மட்டும் சுவை தந்துகொண்டிருக்கவில்லை.

நெடுங்காலம் இது மீனவர் வீட்டுக் காலையுணவாகவே இருந்தது. சார்ல்ஸ்டன் பெண்கள் 1950இல் தொகுத்து வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலான 'சார்ல்ஸ்டன் ரெசீட்ஸ்' இதைக் காலையுணவு இறால் என்ற பெயரிலேயே குறிக்கிறது. வதக்கிய இறால், வெங்காயம், சற்று மாவு கூட்டிய குழம்பு என எளிமையானது. இது உணவகத்துக்கு உரிய பண்டம் என்று அந்நாளில் எவரும் கருதவில்லை.

கருதியவர் பில் நீல். வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் 1982இல் தொடங்கப்பட்ட குரூக்ஸ் கார்னர் உணவகத்தின் சமையற்கலைஞர். பாலாடைக்கட்டி சேர்த்த கிரிட்ஸ் மீது காளான், பூண்டு, வெங்காயத்தாள், பேக்கன் எனப்படும் புகையூட்டிய பன்றியிறைச்சிச் சீவல், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுடன் இறாலை வதக்கி வைத்தார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளைபோர்ன் 1985இல் அங்கே உண்டுவிட்டு அதைப் பற்றி எழுதினார். கிளைபோர்ன் மிசிசிப்பியில் பிறந்தவர். கிரிட்ஸ் அவருக்குப் புதிதன்று. தம் ஊர் ஏழைக் கூழை மேசை விரிப்புடன் கண்ட மகிழ்ச்சி அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதன்பின் இவ்வுணவு நாடெங்கும் பரவியது. பில் நீல் 1991இல் இளவயதிலேயே காலமானார். பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், அவ்வுணவகமும் மூடப்பட்டது. உணவு மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரே தட்டின் இரு பக்கங்கள்

இவ்விடத்தில் கணக்குப்பிள்ளையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்திய இறாலுக்கு அமெரிக்கா வரி விதிப்பது 2025இல் தொடங்கியதன்று. பொருள்குவிப்புத் தடுப்பு வரி 2005 முதலே நடைமுறையில் இருக்கிறது. மானியங்களுக்கு எதிரான ஈட்டு வரி 2024 இறுதியில் சேர்ந்தது. இவற்றை வேண்டிப் பெற்றவர்கள் அந்நாட்டுத் தென்கரையின் இறால் தொழிலினர். அதாவது இறால் கிரிட்ஸ் எந்தக் கரையில் பிறந்ததோ அதே கரையினர். வளர்ப்பு இறால் குறைந்த விலையில் வந்து குவியும்போது கடலில் பிடிப்பவரால் டீசல் செலவைக்கூட ஈடுகட்ட முடிவதில்லை. தென்கரை நகரங்களின் உணவகங்களில் அண்மைக் காலத்தில் மரபணுச் சோதனை நடத்தியபோது, உள்ளூர் இறால் என்ற எண்ணத்தில் மக்கள் உண்டுகொண்டிருந்தது பல இடங்களில் இறக்குமதி இறாலே என்று தெரியவந்தது. அவர்களுடைய கோபம் நியாயமற்றது என்று என்னால் சொல்ல இயலவில்லை. நான்கு ஏக்கர் விவசாயியின் கவலையும் நியாயமற்றதன்று. இருவருக்கும் கடன் இருக்கிறது; இருவரும் வங்கி மேலாளர் முன் அமர்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. சார்ல்ஸ்டன் கழிகளில் கிடைப்பது அட்லாண்டிக் வெள்ளை இறால். நம் குளங்களில் வளர்வது வனாமி என்னும் பசிபிக் வெள்ளை இறால். வனாமி நம் நாட்டு இனமன்று. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையைச் சேர்ந்தது. 1990களில் வெண்புள்ளி நோய் நம் புலி இறால் வளர்ப்பைச் சீரழித்தது; பின்னர் 2009இல் இந்திய அரசு வனாமி வளர்ப்புக்கு அனுமதி அளித்தது. சார்ல்ஸ்டன் இறாலும் வனாமியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். ஆகவே நம் வீட்டில் வனாமியைக் கொண்டு இவ்வுணவைச் சமைப்பது தகுதிக் குறைவான மாற்று ஏற்பாடு ஆகாது.

உயர்த்துவது எப்படி?

நேர்த்தியான முறையில் செய்தல் என்றவுடன் நாம் விலையுயர்ந்ததைச் சேர்க்கத் தொடங்குகிறோம். நானும் முதல்முறை அப்படியே செய்தேன். க்ரீம், இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, புட்டியில் வந்த ஏதோ ஒரு சாறு. செலவு மிகுந்தது, இறாலின் சுவை காணாமற்போனது. இவ்வுணவு உயர்வது இரண்டு செயல்களால். ஒன்று, தூக்கியெறியும் தலையையும் ஓட்டையும் எறியாமல் சாறு எடுப்பது. மற்றது, சோளத்துக்கு ஒரு மணி நேரம் தருவது. வணிகவியலில் மதிப்புக் கூட்டல் என்று படித்தேனே, அதன் பொருள் அடுப்படியில்தான் எனக்குச் சரியாக விளங்கியது.

முதலில் இறாலை வாங்குவது. இங்கே எண்ணிக்கைக் கணக்கு இருவகை. ஏற்றுமதியில் 26/30 என்றால், தலை நீக்கியபின் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில், 26 முதல் 30 இறால். குளத்தங்கரையிலோ தலையுடன் ஒரு கிலோவுக்கு எத்தனை என்பதே கணக்கு. தலை மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். ஆகவே குளத்தங்கரையில் 40 எண்ணிக்கை என்று சொல்லப்படும் இறால்தான் காகிதத்தில் 26/30 ஆகிறது. இவ்வுணவுக்கு அதுவே பொருத்தம். மிகப் பெரியது வேண்டாம். வெளியே வேகும்போது உள்ளே வேகாது. நான்கு பேருக்கு முக்கால் கிலோ, அதாவது முப்பது இறால் போதும். சுத்தம் செய்தபின் ஏறத்தாழ 400 கிராம் நிற்கும். கடையில் சுத்தம் செய்து தருகிறேன் என்பார்கள். தலையையும் ஓட்டையும் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். கழிவை எதற்கு என்பது போல் பார்ப்பார்கள். பொருட்படுத்த வேண்டாம்.

முதுகுக் குடலை நீக்கிய இறாலில் அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் பிசிறி, குளிர்பதனப் பெட்டியில் இருபது நிமிடம் வையுங்கள். சோடா இறாலின் புறப்பகுதியைச் சற்றுக் காரத்தன்மையாக்குவதால் வெந்தபின் சதை தளராமல் கடிப்பதற்குப் பதமாக இருக்கும். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும். கை தாராளம் இங்கே ஆகாது.

அடுத்தது சாறு. அடிகனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் சிறிது எண்ணெயும் காய்ந்ததும் தலைகளையும் ஓடுகளையும் போட்டு நடுத்தரத் தீயில் வதக்குங்கள். சாம்பல் நிறம் செந்நிறமாக மாறும். அந்நிறம் புதிதாக வந்ததன்று. அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறமி ஒரு புரதத்துடன் பிணைந்து மறைந்திருக்கிறது, வெப்பத்தில் அப்பிணைப்பு அவிழ்கிறது. அது கொழுப்பில் கரைவது. அதனால்தான் நீரூற்றும் முன் வெண்ணெயில் வதக்க வேண்டும் என்கிறோம். வெண்ணெய் செவ்வானம் போல் நிறம் மாறியதும் தலைகளை மத்தினால் நசுக்கி, ஒரு வெங்காயம், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி தக்காளி விழுது சேர்த்துக் கிளறி, மூன்று குவளை நீர் ஊற்றுங்கள். இருபத்தைந்து நிமிடம் மெல்லக் கொதித்தால் போதும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் சாறு கசக்கும். வடிகட்டி, ஓடுகளை அழுத்திப் பிழிந்து, சாற்றை மட்டும் மீண்டும் அடுப்பேற்றி ஒரு குவளையாகச் சுண்ட வையுங்கள். உப்பை இப்போது போடாதீர்கள். சுண்டச் சுண்ட உப்பு ஏறும்.

இனி சோளம். இதில்தான் முதன்முறை நான் ஏமாந்தேன். கடையில் கார்ன் ஃப்ளோர் என்று கேட்டேன். வெண்ணிற மாவு கொடுத்தார்கள். அது சோளத்தின் மாவுச்சத்து மட்டுமே, சூப்பைக் கெட்டியாக்கப் பயன்படுவது. வீட்டில் கரைத்துக் கொதிக்கவைத்தபோது சுவரொட்டி ஒட்டும் பசை கிடைத்தது. இரண்டாம் முறை வடநாட்டு ரொட்டிக்கான மக்காச்சோள மாவு வாங்கினேன். அது மஞ்சள் நிறக் களியாக இறுகியது. நமக்கு வேண்டியது மக்காச்சோள ரவை. கோதுமை ரவையைக் காட்டிலும் சற்றுப் பெரிய குருணையாக இருக்க வேண்டும். பொலெண்டா என்ற பெயரில் பெருங்கடைகளில் விற்பதும் இதுவே; விலை மட்டும் இருமடங்கு. கிடைக்காவிட்டால் உலர்ந்த மக்காச்சோளத்தை மாவரைக்கும் ஆலையில் கொடுத்துக் குருணையாக உடைத்து வாங்கலாம். நம் நாட்டு மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போவதால் ஆலைக்காரர் எத்தனை கோழி வளர்க்கிறீர்கள் என்று கேட்கக்கூடும். என்னிடம் கேட்டார்.

ஒரு குவளை ரவையை முந்தைய இரவே மூன்று குவளை நீரில் ஊறவையுங்கள். காலையில் மேலே மிதக்கும் தவிட்டை வடித்துவிட்டு, ஊறிய நீரோடு அப்படியே அடுப்பேற்றுங்கள். கொதி வரும்வரை கை ஓயாமல் கிளற வேண்டும். நீரும் ரவையும் பிரிந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அடிபிடிக்கும். கெட்டியானதும் தீயை மிகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி உப்பும் ஒன்றரைக் குவளை சூடான பாலும் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவினால் போதும். இருபதாம் நிமிடத்தில் வெந்துவிட்டது போலத் தோன்றும். அது தோற்றமே. ஒரு துளியை நாவில் வைத்துப் பாருங்கள், நடுவில் மணல் நெருடும். நாற்பத்தைந்து நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையில் அந்த நெருடல் மறைந்து, குருணை குருணையாகவே இருந்தும் வெண்ணெய் போல் வழுக்கும். அப்போது அடுப்பை அணைத்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும் 75 கிராம் செடார் பாலாடைக்கட்டித் துருவலும் வெள்ளை மிளகுத்தூளும் கலந்து மூடிவிடுங்கள். கரண்டியிலிருந்து வழிய வேண்டும், விழக்கூடாது. தட்டில் சென்றபின் மேலும் இறுகும். குக்கரில் நான்கு விசில் விட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும், வேகும். ஆனால் கிளறும்போது மாவுச்சத்து வெளிவந்து கூடும் அந்த வழுவழுப்பு கிடைக்காது.

என் தாயார் அப்போது என்னுடன் தங்கியிருந்தார். நாற்பது நிமிடம் நான் துழாவியதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "களிதானே கிண்டுகிறாய், அதைச் சொல்லிவிட்டுப் போயேன்" என்றார். மறுக்க முடியவில்லை.

இறாலைச் சோளம் வெந்தபின்பே தொடுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள். ஈரமிருந்தால் வதங்காது, அவியும். வாணலி நன்கு காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இறாலை ஒன்றன்மேல் ஒன்று படாமல் இரண்டு தடவையாகப் பரப்பி, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வதக்கி எடுத்துவிடுங்கள். இறால் அரைவட்டமாக வளைந்தால் பதம். வாலும் தலைப்பக்கமும் தொட்டு முழுவட்டமானால் ரப்பர். இது ஒன்றே இவ்வுணவில் பொறுமை கூடாத இடம்.

அதே வாணலியில் வெண்ணெய் விட்டு, நறுக்கிய காளான் 150 கிராம் சேர்த்து, அதன் நீர் வற்றிப் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். நான்கு பல் பூண்டு, பாதிக் குடமிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள். காஷ்மீரி மிளகாயானால் நிறம் நன்றாக இருக்கும். பிறகு ஒரு மேசைக்கரண்டி மைதா தூவி இரண்டு நிமிடம் வறுத்து, சுண்டிய இறால் சாற்றை ஊற்றுங்கள். கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் உப்புப் பார்த்து, இறாலைத் திரும்பப் போட்டு அடுப்பை அணைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறும் நறுக்கிய வெங்காயத்தாளும் சேருங்கள். பில் நீல் பேக்கன் சேர்த்தது புகை மணத்துக்காகவும் கொழுப்புக்காகவும். நம் வீடுகள் பலவற்றில் அது ஆகாது. கொழுப்புக்கு வெண்ணெய் இருக்கிறது. புகைக்கு, ஒரு கரித்துண்டைத் தணலாக்கிச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, குழம்பின் நடுவே இறக்கி, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு இரண்டு நிமிடம் மூடிவையுங்கள். கொட்டாங்கச்சிக் கரியானால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் மூடினால் தீ விபத்து நடந்த வீடு போல மணக்கும்.

ஆழமான தட்டில் கிரிட்ஸை ஊற்றி, நடுவில் பள்ளம் செய்து, இறாலையும் குழம்பையும் அதில் இடுங்கள். உடனே உண்ண வேண்டும். மீந்த கிரிட்ஸைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பிக் குளிரவைத்தால் மறுநாள் வில்லைகளாக வெட்டித் தோசைக்கல்லில் முறுகலாகச் சுட்டெடுக்கலாம். சார்ல்ஸ்டன்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் முறை சமைத்ததற்கான இறால் அந்த விவசாயியின் குளத்திலிருந்து வந்தது. அவர் சும்மா தருவதாகச் சொன்னார். வாடிக்கையாளரிடம் அன்பளிப்புப் பெறுவது எங்கள் நடத்தை விதிகளுக்குப் புறம்பானது; குளத்தங்கரை விலையைக் கொடுத்துத்தான் வாங்கினேன். அவருக்கு வருத்தம். அடுத்த வாரம் கடன் கணக்குக்கான இருப்புச் சோதனைக்கு அவருடைய குளத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அடுக்குப் பாத்திரத்தில் கிரிட்ஸ் ஒரு தட்டிலும் இறால் ஒரு தட்டிலுமாக எடுத்துச் சென்றேன். அதிகாரி வாடிக்கையாளருக்கு உணவு தருவதை எந்த விதியும் தடுத்ததாகத் தெரியவில்லை.

கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து உண்டார். பேசாமல் உண்டார். பிறகு, "இறால் தெரிகிறது" என்றார். இறால் வளர்ப்பவரிடமிருந்து வந்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டேன். காரம் போதாது என்றும் சொன்னார். பின்னர், அங்கே இது என்ன விலை என்று கேட்டார். நல்ல உணவகத்தில் ஒரு தட்டு இருபது டாலருக்கு மேல், ஆயிரத்து எழுநூறு ரூபாயைத் தாண்டும் என்றேன். ஒரு தட்டில் எத்தனை இறால் என்றார். ஏழெட்டு என்றேன். கண்களை மூடி விரல்களை மடக்கினார். அவருடைய ஒரு கிலோவில் ஐந்து தட்டு, நூறு டாலர்.

இடையில் பதப்படுத்தும் ஆலை, குளிர்ப்பெட்டிக் கப்பல், வரி, இறக்குமதியாளர், உணவக வாடகை, சமையற்காரரின் கூலி எல்லாம் இருக்கின்றன என்பதை விளக்கினேன். தலையும் ஓடுமாக ஐஸ் பெட்டியில் விற்பதற்கும், தோல் நீக்கிச் சமைக்கத் தயாரான நிலையில் விற்பதற்கும் உள்ள விலை வேறுபாட்டையும் சொன்னேன். ஐந்தாறு பேர் சேர்ந்தால் அத்தகைய சிறு பதப்படுத்தும் கூடத்துக்குக் கடன் பெற வழியுண்டு; பக்கத்து நகரங்களின் உணவகங்களுக்கே விற்கலாம்; அதற்கு வேண்டிய ஆவணங்கள் இவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காற்றூட்டி ஒன்று நின்றுவிட்டதை அவர் காது முதலில் கண்டுகொண்டது. எழுந்து வரப்பின் மேல் ஓடினார். நான் இருப்புச் சோதனைப் படிவத்தைப் பூர்த்தி செய்து முடிக்கும் வரை அவர் திரும்பவில்லை.